பொன் எடுத்தவரும் பெயர் இழந்த ஆறும்

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலை நம் மாணவர் கைக்கொள்ளும் படங்களில் ஒரு வெண்பரப்பாகவே கிடக்கின்றது. அவ்வெண்பரப்பில் ஒரு புள்ளி. புள்ளியின் அருகே "டோசன்" என்றொரு பெயர். பெயரோடு "1896இல் பொன் கண்டுபிடிக்கப்பட்டது" என்றொரு வரி. மாணவன் அவ்வரியை மனனஞ் செய்கின்றான். ஆளற்ற ஒரு நிலத்திலே துணிவுடையோர் சிலர் சென்று செல்வத்தைக் கண்டெடுத்தனர் என்ற பொய்யும் அதனோடு சேர்ந்து அவன் உள்ளத்திற் குடிபுகுந்து விடுகின்றது. அப்பொய்யை உரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தை அறிவோம். கனடாவின் யூக்கொன் ஆள்புலத்தில், வட அகலக்கோடு 64 பாகையில், யூக்கொன் பேராற்றோடு குளொண்டைக் என்னும் சிற்றாறு வந்து கூடுமிடத்தில் டோசன் நகரம் அமைந்துள்ளது. பசிபிக் கரைக்கு அண்மையிலே பிறக்கும் யூக்கொன், அக்கடலுக்கு முதுகைக் காட்டி வடக்கு நோக்கி ஓடி, அலாஸ்காவை ஊடறுத்து, மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்தின் பின் பெரிங் கடலில் விழுகின்றது. தை மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக்கும் அப்பாற் செல்லும். கோடையிலும் மேல்மண் மட்டுமே இளகும். அதன்கீழ் மண் என்றும் உறைந்தே கிடக்கும்.

பனியூழிக் காலத்தில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியை மூடிய பனிப்பாளங்கள் இப்பிரதேசத்தை மூடவில்லை. ஆகவே மலைப்பாறைகளினின்று காலந்தோறும் கழன்று, ஓடைகளின் அடியிற் படிந்த பொன்துகள்கள், பனிப்பாளங்களால் வாரி அள்ளப்படாது அங்கேயே கிடந்தன. அப்பொன்னை அங்கு வைத்தது மண்ணின் வரலாறு. எவனுடைய அதிர்ஷ்டமும் அன்று.

இனி மனிதரைக் காண்போம். அவ்வாற்றங்கரையில் ஹான் மொழி பேசும் மக்கள் வெள்ளையர் வருமுன்னரே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்கள் தம்மை ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என அழைப்பர். ட்ரொண்டெக் ஆற்றின் மக்கள் என்பது பொருள். ட்ரொண்டெக் என்பது சுத்தியற் கல்லைக் குறிக்கும் சொல். கோடையில் கடலிலிருந்து இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் எதிர்நீச்சலிட்டு வரும் சால்மன் மீனைத் தடுத்துப் பிடிப்பதற்காக, ஆற்றின் அடியிலே மரக்கழிகளைக் கல்லால் அறைந்து நாட்டுவது அவர் வழக்கம். அத்தொழிலே ஆற்றுக்குப் பெயராயிற்று. வந்தேறிகளின் நாவில் அச்சொல் நுழையவில்லை. "குளொண்டைக்" எனச் சிதைந்தது. உழைப்பின் பெயர் அழிந்து பேராசையின் பெயராக உலகெங்கும் பரவிய விந்தை இதுவாகும்.

"கண்டுபிடிப்பு" என்ற சொல்லையும் சற்றுத் துருவிப் பார்த்தல் வேண்டும். 1896 ஓகஸ்டில் முயலோடை எனப்பட்ட சிற்றோடையிற் பொன்னைக் கண்ட கூட்டத்தில் வெள்ளையர் ஒருவரே இருந்தார். அவர் ஜோர்ஜ் கார்மக். அவருடைய மனைவி ஷா த்லா, அவள் தமையன் கெய்ஷ், மருமகன் கா கூஹ் ஆகிய மற்றையோர் தாகிஷ் இனத்தைச் சேர்ந்த பழங்குடிகள். பொன்னை முதலிற் கண்டவர் கெய்ஷ் என்பதே அவ்வினத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. ஆயினும் முதற் கண்டுபிடிப்பாளனுக்குரிய உரிமைநிலத்தைக் கார்மக்கே தம் பெயரிற் பதிந்துகொண்டார். பழங்குடி ஒருவனின் பதிவை எவரும் ஏற்கமாட்டார் என்பது அவர் கூறிய நியாயம். அந்நியாயம் ஒரு தனிமனிதனின் சூழ்ச்சி மட்டுமன்று. ஒரு சமுதாய அமைப்பின் ஒழுங்கு. கண்ணாற் கண்டவன் கண்டுபிடித்தவனாகான். பத்திரத்தில் எழுதப்பட்டவனே கண்டுபிடித்தவன் என்பதே அவ்வமைப்பின் இலக்கணம். 1900ஆம் ஆண்டிற் கார்மக் தம் மனைவியையும் கைவிட்டார். முயலோடைக்கோ "பொனான்சா" என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. திடீர்ச் செல்வம் என்பது அதன் கருத்து.

இந்நிகழ்ச்சிகளின் மேற் கட்டப்பட்ட காவியம் ஒன்றுண்டு. தோளில் மூட்டை சுமந்து, சில்கூட் கணவாயின் பனிப்படிகளில் வரிசையாக ஏறும் மனிதர். முயற்சி திருவினையாக்கும் என்பதற்கு அவர்களே சான்று என்பர் முதலாளித்துவத்தின் புகழ்பாடிகள். நாம் கணக்கைக் கேட்போம். பொன்னேற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாற்றிலுக்கும் வந்து சேர்ந்தது 1897 ஜூலையில். செய்தி கேட்டுப் புறப்பட்டோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகின்றது. டோசனை அடைந்தோர் 30,000 முதல் 40,000 வரையினர். பொன் கண்டோர் சுமார் 4,000 பேர். செல்வராயினோர் சில நூற்றுவரே. நல்ல ஓடைகளுட் பெரும்பாலானவை அவர்கள் புறப்படுமுன்னரே பதிவாகிவிட்டன. ஆகவே பனியில் ஏறிய அப்பல்லாயிரவர் புறப்படுமுன்னரே தோற்றவர். அவர்களுக்குத் துணிவு குறைவாயிருந்ததோ? உழைப்புக் குறைவாயிருந்ததோ? இல்லை. ஓராண்டுக்கான உணவின்றி எல்லையைக் கடக்கலாகாது என்ற விதியினால், ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு தொன் பொருளைப் பலமுறை ஏறியிறங்கிச் சுமந்தனர். 1898 ஏப்ரிலில் சில்கூட்டிற் சரிந்த பனி அறுபதுக்கு மேற்பட்டோரை விழுங்கியது. உண்மையிற் பொருள் திரட்டியோர் யாவர்? கப்பற் கொம்பனிகள், கடைக்காரர், மனை விற்றோர், மதுச்சாலை நடத்தியோர்.

டோசனுக்கு வந்து சேர்ந்தவருட் பெரும்பாலோர் பிறர் சுரங்கத்திற் கூலிக்கு உழைத்தனர். அல்லது வந்த வழியே திரும்பினர். 1899 கோடையிலே அலாஸ்காவின் நோம் கடற்கரையிற் பொன் உண்டென்ற செய்தி வந்ததும் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர். 1902இல் எஞ்சியோர் ஐயாயிரவருக்கும் குறைவு. தனிமனிதன் வெளியேறினான், மூலதனம் உட்புகுந்தது. ஓடைப்பள்ளத்தாக்குகள் மைல் கணக்கிற் பெருங் கொம்பனிகளுக்குக் குத்தகையாக வழங்கப்பட்டன. அமெரிக்காவின் குகன்ஹைம் குடும்பம் பணத்தோடு வந்தது. 1912இல் அமைக்கப்பட்ட நான்காம் இலக்கத் தூர்வாரி எட்டு மாடி உயரமுள்ள ஒரு மிதக்கும் தொழிற்சாலை; ஆற்றின் அடியையே தோண்டி விழுங்கி, பொன்னை வைத்துக்கொண்டு கல்லை உமிழ்ந்தது. 1966இற் கடைசிப் பெருங்கொம்பனியும் தூர்வாரும் தொழிலை நிறுத்திற்று. சுமார் இருபது மில்லியன் அவுன்சுப் பொன் அந்நிலத்தினின்று வெளியேறியுள்ளதாகக் கணக்கிடுவர். நிலத்துக்கு மிஞ்சியவை, பெரும் புழுக்கள் ஊர்ந்த தடம்போல் இன்றும் பள்ளத்தாக்கு முழுவதும் நெளிந்து கிடக்கும் கற்குவியல்களே.

ஹான் மக்கள் என்னவாயினர்? இரு ஆறுகளும் கூடும் முனையில் ட்ரொச்செக் என்னும் அவர்தம் மீன்பிடி ஊர் இருந்தது. அதனை வந்தேறிகள் பற்றிக்கொண்டனர். அது விபசாரத் தெருவாயிற்று. ஐசக் என்னும் தலைவர் தம் மக்களை அழைத்துக்கொண்டு ஐந்து கிலோமீற்றர் ஆற்றின்வழி கீழிறங்கி, மூஸ்ஹைட் என்னுமிடத்திற் குடியேறினார். உறைந்த மண்ணை இளக்குவதற்கும் குடிசை கட்டுவதற்கும் மலைச்சரிவுகளின் மரங்கள் வெட்டப்பட்டன. வேட்டை விலங்குகள் அருகின. பிள்ளைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தெற்கே கார்குரொசிலிருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே தாய்மொழி தண்டனைக்குரிய குற்றம். மொழியைக் கற்பித்து வயிறு வளர்க்கும் ஆசிரியராகிய நாம் இவ்வரியை விரைந்து கடந்துவிடல் தகாது. ஒரு பிள்ளையின் நாவை அடக்குவதற்குப் பள்ளிக்கூடமே கருவியாயிற்று.

தலைவர் ஐசக் ஒன்றைத் தெளிவாகக் கண்டார்: இவ்வெள்ளத்தில் தம் மக்களின் பாடல்களும் அடித்துச் செல்லப்படும். ஆகவே அவற்றை எல்லைக்கப்பால் அலாஸ்காவில் வாழ்ந்த உறவினரிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். பொன்னைப் பெட்டியிற் பூட்டிவைத்தோர் பெயர்கள் வீதிகளுக்குச் சூட்டப்பட்டன. பாட்டைப் பிறர் நெஞ்சிற் பூட்டிவைத்த இம்மனிதரின் பெயரை நம் நூல்கள் அறியா.

"இவையெல்லாம் முன்னேற்றத்துக்குக் கொடுக்கவேண்டிய விலை, புகைவண்டியும் மருத்துவமனையும் மின்விளக்கும் பின் எவ்வாறு வரும்?" என்று சிலர் வினவுவர். வந்தது என்ன என்பதை டோசனே சொல்லும். புகைவண்டி 1900இல் வைற்ஹோர்சுடன் நின்றது. இரண்டாம் உலகப்போரில் அமைத்த அலாஸ்காப் பெருஞ்சாலையும் அந்நகர் வழியே சென்றது. 1953இல் தலைநகரும் அங்கு மாற்றப்பட்டது. பொன் இருக்கும்வரை இருந்த "முன்னேற்றம்" பொன்னோடு மூட்டை கட்டிற்று. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி டோசனின் சனத்தொகை 1,577. அங்கே இன்று மரநடைபாதைகளும் பழைய மதுச்சாலை முகப்புகளும் உல்லாசப் பயணிகளுக்காகப் பேணப்படுகின்றன. விலை கொடுத்தவன் ஒருவன், பொருள் பெற்றவன் வேறொருவன் எனின், அதனைப் பண்டமாற்று என்று எவரும் கூறார், கொள்ளை என்பர்.

இவ்விடத்தில் நம் அணியினருக்கும் ஒரு வார்த்தை. வடதுருவத்தையடுத்த நிலங்களைச் சூறையாடியது முதலாளித்துவம் ஒன்றே என்று கூறி நாம் அமைதிகொள்ள முடியாது. 1931இல் நிறுவப்பட்ட டால்ஸ்ட்ரோய் என்னும் சோவியத்து நிறுவனம், கொலிமா ஆற்றுப் பிரதேசத்தில் எடுத்த பொன், சிறைப்பட்ட மனிதரின் எலும்பின்மேல் எடுத்த பொன். வர்லாம் சலாமோவ் அச்சிறைகளிலிருந்து மீண்டு எழுதிய கதைகள் நம் அலுமாரிகளிலும் இருத்தல் வேண்டும். உழைப்பவனை அடிமையாக்கி எடுத்த பொன்னுக்குச் செங்கொடி போர்த்தினால் அதன் நிறம் மாறாது. எதிரியின் கொடுமையை எழுதும் பேனா, தோழரின் கொடுமையைக் கண்டதும் மை வற்றிப்போகுமாயின், அப்பேனாவை நம்பி எந்த மாணவன் பின்வருவான்?

இலக்கியத்துக்கும் இவ்வளவைக்கோலையே இடுவோம். ஜக் லண்டன் 1897ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அங்கு சென்று, நோயோடும் கதைகளோடும் திரும்பியவர். தம்மைச் சோசலிசவாதி என்றவர். அவருடைய "உயிராசை" என்னும் கதையை, லெனின் மறைவதற்கு இரு நாட்களுக்கு முன் அவருக்குப் படித்துக் காட்டியதாகக் குருப்ஸ்காயா எழுதியுள்ளார். அக்கதையையும் நாய்க்கதைகளையும் நாம் போற்றுகின்றோம். ஆனால் வெள்ளையரால் அழியும் தன் இனத்துக்காகப் பழிவாங்கிய முதியவன் ஒருவன் டோசன் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளிக்கும் கதையையும் அவர் எழுதினார் என்பதை எத்தனை பேர் நினைவுகூர்கின்றோம்? வீரசாகசத்தை எடுத்துக்கொண்டு வாக்குமூலத்தை விட்டுவிட்டது நம் வாசிப்பின் வர்க்கச் சார்பேயாகும்.

அம்மக்களோ அழிந்துபோகவில்லை. 1973 பெப்ரவரியில் யூக்கொன் பழங்குடித் தலைவர்கள், எலைஜா சிமித் என்பவரின் தலைமையில் ஒட்டாவாவுக்குச் சென்று, தங்கள் நிலவுரிமைக் கோரிக்கையைப் பிரதமரின் கையில் நேரிற் கொடுத்தனர். இருபத்தைந்து ஆண்டுப் பேச்சுவார்த்தையின் பின், 1998 ஜூலையில் ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் தம் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டுத் தன்னாட்சி பெற்றனர். ட்ரொச்செக் முனை அவர்களிடம் மீண்டது. அலாஸ்காவில் அடைக்கலமிருந்த பாடல்களும் வீடு திரும்பின. பீல் ஆற்று வடிநிலத்தின் பெரும்பகுதியைச் சுரங்கத்துக்குத் திறந்துவிட ஆள்புல அரசு முயன்றபோது, அண்டை இனத்தாரோடு சேர்ந்து வழக்காடி, 2017 டிசம்பரிற் கனடிய உயர் நீதிமன்றத்தில் வென்றனர். அவ்வடிநிலத்தில் 83 வீதத்தைப் பாதுகாக்கும் திட்டம் 2019இல் நிறைவேறிற்று.

ஆயினும் போராட்டம் முடிந்தபாடில்லை. 2024 ஜூன் மாதம், டோசனுக்கு மேலே யூக்கொனோடு கலக்கும் ஸ்ருவட் ஆற்றின் வடிநிலத்தில், ஈகிள் பொற்சுரங்கத்தின் சயனைட் ஊறிய தாதுக்குவியல் சரிந்தது. அதே ஆண்டில், சினூக் சால்மன் குன்றியமையால் யூக்கொன் ஆறு முழுவதிலும் அதனைப் பிடிப்பதை ஏழாண்டுகளுக்கு நிறுத்தும் உடன்பாடு அலாஸ்காவுக்கும் கனடாவுக்குமிடையே ஏற்பட்டது. கல்லால் கழி அறைந்து மீன் பிடித்த மக்களின் ஆற்றில் இன்று மீன் இல்லை.

நம்மவர் இலட்சக்கணக்கில் இன்று கனடாவில் வாழ்கின்றனர். நிலம் பறிபோதலின் வேதனையையும் மொழி ஒடுக்கப்படுதலின் வேதனையையும் அறிந்தே அங்கு சென்றவர் அவர். அந்நாட்டை ஆளற்றிருந்த நிலமென்று எண்ணும் உரிமை உலகில் எவருக்கேனும் உண்டெனினும், நமக்கு இல்லை.

ஆதலின் ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, அடுத்த முறை வகுப்பிற் படத்தை விரிக்கும்போது அப்புள்ளியின் அருகே இன்னொரு வரியை எழுதுங்கள்: இவ்வாற்றின் பெயர் ட்ரொண்டெக், இதற்கு உரிய மக்கள் இருந்தனர், இருக்கின்றனர். பரீட்சைக்கு அவ்வரி வேண்டப்படாதிருக்கலாம். வரலாற்றுக்கு வேண்டும்.