முதிர்ந்த மாணவரும் அவர்தம் ஆசிரியரும்

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, கள்ளக்குறிச்சி பிரியாதிருந்த விழுப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு. தமிழகத்தின் சராசரியோ 80. பள்ளியை எட்டாதவரும் பாதியில் விட்டவரும் மரக்காணத்து உப்பளங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் இன்றும் உழைத்து வருகின்றனர்.

பாதியில் விட்டவர்க்கு வயது வரம்பின்றித் தொழிற்கல்வி அளிக்க எழுந்ததே சமுதாயக் கல்லூரி. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் அது கால்கொண்டது. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் புதுச்சேரி ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவே. பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதற்கெனத் திட்டம் வகுத்தது. கட்டடம், கருவி, சான்றிதழ் ஆகியன குறித்து நிரம்பப் பேசினோம். கற்பிப்பவரைப் பற்றி யார் பேசினர்?

அங்கே கற்பிக்க வருபவர் ஒன்று நூலறிந்த பட்டதாரி, அன்றேல் கைத்திறன் மிக்க தொழிலாளர். முன்னவர் தொழிலறியார், பின்னவர் கற்பிக்கும் முறை பயிலாதவர். எதிரே அமர்ந்திருப்பவரோ குழந்தையல்லர். பத்து மூட்டை மணிலாவின் விலையை மனத்திலேயே கணக்கிடும் ஒருவர், கரும்பலகையில் பின்னத்தைக் கண்டதும் திகைக்கிறார். அவர் அறிந்த மூட்டையிலிருந்து தொடங்காமல், அறியாத பின்னத்திலிருந்து தொடங்குவது யார் குறை? பிரேசில் நாட்டறிஞர் பாவ்லோ பிரெயிரே 1960களில் உழைப்பாளர்க்கு எழுத்துக் கற்பித்தபோது, 'செங்கல்' போன்று அவர்தம் வாழ்வில் புழங்கிய சொற்களையே எடுத்துக்கொண்டார்.

வருவோரே சிலர், அவர்க்காக ஆசிரியப் பயிற்சியா என வினவுவாருளர். சிறுவன் வகுப்பில் நாணினால் மறுநாள் தாய் கைப்பிடித்து அழைத்து வருவாள். நாற்பது வயதினர் ஒருமுறை நாணினால் திரும்பி வாரார், காரணமும் சொல்லார். வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் எஞ்சும். சிலரே வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

முறையான கல்லூரி ஆசிரியர்க்குப் புத்தொளிப் பயிற்சி உண்டு, பதவி உயர்வுக்கு அது வேண்டப்படுவதால் தவறாது செல்கின்றனர் (ஆர்வத்தால் செல்வோரும் உளர்!). மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர ஆசிரியர்க்கோ அது பெரும்பாலும் எட்டாக்கனி. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. அங்குள்ள அனுபவமிக்க பேராசிரியரும் இத்தொழிற்பயிற்றுநரும் திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமை கூடி அமர்தல் வேண்டும். ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசை மாணவராய் இருந்து பார்க்கட்டும். வந்து நின்றுபோனவரின் இல்லத்திற்கு இருவரும் சென்று வரட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஆயினும் அன்றைய கூலியை இழந்து வரும் மின்பணியாளர்க்கு அதனை ஈடுசெய்தல் முறை. அச்செலவை ஏற்க நம் ஊர்ப் பெரியோருள் எத்தனை பேர் முன்வருவர்?