பழுதான கோப்பு குப்பை இல்லை

"பைல் கரப்ட் ஆயிடுச்சு, அழிச்சிடு." நம்ம வயசுக்காரங்க யோசிக்காமலே சொல்கிற வார்த்தை இது. நாங்கள் சொல்கிறோம்: அழிக்காதீங்க. அது பிகேப் கோப்பாக இருந்தால் தொடவே தொடாதீங்க.

2018 மார்ச்சில், திகன வன்முறையின்போது, பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மூடினார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் மூடினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் மூடினார்கள். மூடியது சரியா பிழையா என்பது தனி வாதம். மூடியதற்குச் சாட்சி எங்கே என்பதுதான் எங்கள் கேள்வி. ஹேவாஹெட்ட பக்கம் இருக்கிற நமக்கு இது இன்னும் முக்கியம். இங்கே இணையம் நின்றால், "மலையில சிக்னல் அப்படித்தான்" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடலாம்.

அந்தச் சாட்சியை நாமே எடுக்கலாம். இணையத்தில் எல்லாமே சின்னச் சின்னப் பொதிகளாகத்தான் போய்வரும். டிசிபிடம்ப், வயர்ஷார்க் போன்ற மென்பொருள்கள் அவற்றை நேரத்தோடு பதிந்து வைக்கும். பதிலே வரவில்லையா, பிழையான முகவரி வந்ததா, இணைப்பு நடுவில் துண்டிக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

ஆனால் பதியும்போதே கரண்ட் போகும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாடு இது. பேட்டரி செத்த லெப்டொப் அப்படியே அணையும். பிறகு கோப்பைத் திறந்தால், 'ஒரு பொதியின் நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது' என்று எச்சரிக்கை வரும். உடனே குப்பைத்தொட்டிதானா?

கோப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். பிகேப் கோப்பின் தொடக்கத்தில் 24 பைட் தலைப்பு. பிறகு ஒவ்வொரு பொதிக்கும் முன்னால், நேரத்தையும் நீளத்தையும் சொல்கிற 16 பைட் சீட்டு. வால் அறுந்தால் பெரும்பாலும் போவது கடைசிப் பொதி மட்டும்தான். முன்னால் உள்ளதை வயர்ஷார்க்கில் திறந்து புதுப் பெயரில் சேமிக்கலாம். தலைப்போ நடுவில் உள்ள சீட்டோ சிதைந்திருந்தால் பிகேப்ஃபிக்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது.

இன்னொரு கூட்டத்தோடும் எங்களுக்குச் சண்டை உண்டு: திருத்திய கோப்பை மூலத்தின் மேலேயே சேமிக்கிறவர்கள். திருத்தும் கருவி சில இடங்களில் ஊகிக்கிறது. ஊகத்தை மூலத்தோடு கலந்துவிட்டால் அது சாட்சியே இல்லை. ஆகவே முதலில் நகல் எடுங்க. மூலத்தின் ஹேஷ் மதிப்பைக் குறித்து வையுங்க. நகலை மட்டும் திருத்துங்க. எது போனது, எது ஊகம் என்று எழுதி வையுங்க. உங்கள் சொந்த இணைப்பை மட்டும் பதியுங்க; அதையும் அப்படியே பொதுவில் போடாதீங்க.

"ஆர்ட்ஸ் படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அதற்காக மிச்சத்தை யாரும் எறியவில்லை. அந்த இரண்டையும் சொந்தமாக எழுதி நிரப்பவும் இல்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே காட்டினார்கள். சிதைந்த ஏட்டை எப்படிக் கையாள்வது என்பது நம்ம பாடம்தான். ஏடு மட்டும்தான் மாறியிருக்கிறது.