காற்றில்லாத இடத்தில்



இந்த இதழின் பொருளடக்கத்தைப் பார்த்ததும் ‘இதென்ன ஜோடி’ என்று கேட்பீர்கள், தெரியும். முதல் பாதியில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தேவாலயங்களைத் தேடும் தொல்லியல். பின்பாதியில் அழுகிய தக்காளியிலிருந்து எரிவாயு எடுக்கும் விஞ்ஞானம். மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த நண்பர், “சாமியையும் சாக்கடையையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைக்கிறீர்களே” என்று கடிந்துகொண்டார். தைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு துறைக்காரர்களும் மல்லுக்கட்டுவது மட்குதல் என்ற ஒரே சங்கதியோடுதான். அது நடந்து முடிந்துவிட்டதே என்று ஒருவருக்குக் கவலை; சீக்கிரம் நடக்க மாட்டேன் என்கிறதே என்று மற்றவருக்குக் கவலை.

கொல்லத்திலிருந்து தொடங்குகிறேன். கி.பி. 849ல் வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேட்டில் பொறித்து வைத்தார். அது சேரப் பெருமாள் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. எழுத்து வட்டெழுத்து. சாட்சிக் கையெழுத்துகளோ கூஃபி அரபியில் சில, பாரசீகத்தின் பஹ்லவியில் சில, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில் சில. ஒரு தேவாலயத்தின் பத்திரத்துக்கு இத்தனை சமயத்தார் சாட்சி நின்றிருக்கிறார்கள். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் எம்.ஜி.எஸ்.நாராயணன் 1972ல் இந்த ஏடுகளை வைத்து விரிவாக எழுதினார். ராகவ வாரியரும் கேசவன் வெளுத்தாட்டும் 2013ல் மறுபடி படித்து ஒரு நூலே போட்டார்கள். இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து எலிசபெத் லாம்போர்ன் பல நாட்டு ஆய்வாளர்களைத் திரட்டி, அந்தச் சாட்சிகள் யார், எங்கிருந்து கப்பலேறியவர்கள் என்று தேடினார்.

செப்பேட்டில் என் கண் போய் நிற்பது அரசன் பெயரில் இல்லை. பள்ளிக்குக் கொடுத்த ஈழவர் குடிகளிடம் தலைக்காணம், ஏணிக்காணம் என்ற வரிகளை வாங்கக்கூடாது என்று விலக்குக் கொடுக்கும் இடத்தில்தான். ஏணிக்காணம் என்பது மரமேறிகளின் ஏணிக்குப் போட்ட வரி என்று ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். ஏணி வைத்து ஏறி இறக்கிய பதநீர் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். ஆக, நம் கடற்கரையின் மிகப் பழைய தேவாலயப் பத்திரத்திலேயே நொதித்தலுக்கு ஒரு மூலை கிடைத்திருக்கிறது. நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சமாதானமானதாகத் தெரியவில்லை.

ஏடுகள் இருக்கின்றன, கோட்டயத்திலும் திருவல்லாவிலும் இரண்டு திருச்சபைத் தலைமையகங்களில் பிரிந்து கிடக்கின்றன. பள்ளி இல்லை. கொல்லத்தில் மட்டும் இந்தக் கதை இல்லை. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியா வணிகர், மிளகு விளையும் மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்களும் அவர்களுக்குத் தேவாலயங்களும் இருப்பதாக எழுதி வைத்தார். அவற்றில் ஒன்றையும் இன்று காட்ட ஆளில்லை. கிடைத்தவை எல்லாம் கல்: அனுராதபுரத்தில் 1912ல் எடுத்த சிலுவை, கோட்டயம் வலியபள்ளியில் உள்ள பஹ்லவி எழுத்துச் சிலுவை, 1547ல் பரங்கிமலையில் போர்ச்சுகீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது வெளிப்பட்ட சிலுவை. பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்து பஹ்லவி என்று 1873ல் ஆய்வாளர் பர்னல் எழுதினார்; ரோம் சபியென்சா பல்கலைக்கழகத்துக் கார்லோ செரெட்டி வரை பலர் வாசித்திருக்கிறார்கள், ஒருவர் வாசிப்பு மற்றவருக்குப் பிடிப்பதில்லை. சென்னைக்காரர்கள் பாதிப் பேர் அந்த மலையை விமான நிலையத்துக்குப் பக்கத்து மேடு என்று மட்டும் அறிவார்கள்.

மரத்தாலும் ஓலையாலும் கட்டினால் மலையாள நாட்டு மழையில் என்ன மிஞ்சும்? துருக்கல் மண் அமிலம் நிறைந்தது, எலும்பையே கரைத்துவிடும். மேல்மண்ணில் காற்று புகும், ஈரம் நிற்கும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது லிக்னின் என்ற பொருள். அதை உடைத்துத் தின்னும் திறமை சில பூஞ்சைகளுக்குத்தான் நன்றாக வாய்த்திருக்கிறது, அவற்றுக்கும் காற்று வேண்டும். கரையானைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செம்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. செம்பின் உப்பு நுண்ணுயிர்களைக் கொல்வதால், புதைந்த செம்பை ஒட்டிக் கிடந்த துணியும் மரத்துண்டும்கூடச் சில சமயம் தப்பிவிடுகின்றன.

இப்போது அதே மலையாளக் கரையில், எர்ணாகுளம் மாவட்டத்துப் பட்டணம் என்ற ஊருக்கு வாருங்கள். பழைய முசிறித் துறைமுகம் இதுவாக இருக்கலாம் என்று பலர் கருதும் இடம். 2007ல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் தோண்டியபோது நீர் ஊறிய அடுக்கில் ஆறு மீட்டர் நீளத் தோணி ஒன்று கிடைத்தது. அயினி மரத்தைக் குடைந்து செய்தது. பக்கத்தில் படகு கட்டும் தேக்குக் கட்டைகள். வயது ஏறத்தாழ இரண்டாயிரம். மேலே நின்ற மரக்கட்டடங்கள் நூறு ஆண்டு தாங்காத மண்ணில் இது எப்படி இரண்டாயிரம் ஆண்டு கிடந்தது? சேறும் நீரும் மூடிக் காற்றை அடைத்துவிட்டன. காற்று போனதும் பூஞ்சை போயிற்று. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் இருக்கத்தான் செய்தன. அவற்றுக்கு லிக்னினைக் கடிக்கப் பல் இல்லை.

காற்றில்லாத இடத்தில் எது மட்கும், எது மட்காது என்ற இந்த ஒரு விஷயம்தான் இதழின் இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தைத்த நூல்.

ஹைதராபாத் போயின்பள்ளிக் காய்கறிச் சந்தைக்குப் போனவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். விற்காமல் நசுங்கியது, வாடியது, கழித்துக் கட்டியது என்று நாளொன்றுக்குச் சுமார் பத்து டன் அங்கே சேரும். தார்நாக்காவில் இருக்கும் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏ.கங்காக்னி ராவும் குழுவினரும் உருவாக்கிய கொதிகலம் போன்ற ஒரு மூடிய கலன், அதை விழுங்கிக்கொண்டிருக்கிறது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் கொடுத்தது. 2021 ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் குறிப்பிட்ட பிறகு ஊரே பார்க்க வந்தது. கழிவு பெல்ட்டில் ஏறி, துண்டாகி, தண்ணீரோடு கூழாகி, காற்றுப் புகாத கலனுக்குள் போகிறது. மேலெழும் எரிவாயு பெரிய பலூனில் சேர்ந்து ஜெனரேட்டரை ஓட்டுகிறது. கூழைக் கலக்க உள்ளே சுழலும் துடுப்பு கிடையாது. வாயுவையே கீழிருந்து விட்டுக் கலக்குகிறார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 யூனிட் மின்சாரம். சந்தையின் விளக்குகளுக்கும் கடைகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போகிறது. சுமார் 30 கிலோ எரிவாயு அங்கேயே உணவகத்து அடுப்புக்கு.

பத்து டன்னுக்கு 500 யூனிட்தானா என்று எனக்கும் தோன்றியது. இரண்டு ஏசி வீடுகள் ஒரு மாதம் ஓட்டும் மின்சாரம் அது. ஆனால் காய்கறியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சுரைக்காயிலிருந்து இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது? மின்சாரத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் இந்தத் திட்டம் சிறியதுதான். பத்து டன் லாரி ஏறாமல் நின்றது என்று எண்ணினால் பெரியது.

கலனுக்குள் நடப்பதுதான் சுவாரசியம். ஒரு கூட்டம் நுண்ணுயிர் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலமாகவும் உடைக்கும். அடுத்த கூட்டம் அவற்றைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். கடைசியில் மீத்தேன் விடும் ஆர்க்கியா என்ற மிகத் தொன்மையான இனம் வந்து அந்த அமிலத்தைத் தின்னும். முன்னிரண்டு கூட்டத்துக்கும் வேகம் அதிகம். கடைசிக்காரர் நிதானம், நோஞ்சான், காற்றுப் பட்டால் செத்துப்போவார். ஒரே நாளில் மாம்பழமும் வெங்காயமும் வண்டி வண்டியாக உள்ளே போனால் அமிலம் பெருகி, நம் ஊர் மே மாதத்தில் ராத்திரி வெளியே மறந்துவைத்த இட்லி மாவுபோலக் கலன் முழுக்கப் புளித்துவிடும். கார அமில அளவு 6.5க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் கூட்டம் கைகட்டி நின்றுவிடும். பிறகு தீனியை நிறுத்தி, தேற்றி, மறுபடி பழக்கவேண்டும். ஆகவே கலனைப் பார்த்துக்கொள்பவரின் வேலையில் பாதி, இன்றைக்கு எவ்வளவு ஊட்டலாம் என்று தீர்மானிப்பது.

மீதி வேலை, எதை ஊட்டக்கூடாது என்பது. தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை, மரக்குச்சி: இவை உள்ளே போனால் பல வாரம் கழித்தும் அப்படியே கிடக்கும், குழாயை அடைக்கும். பட்டணத்துத் தோணியைக் காப்பாற்றிய அதே லிக்னின் இங்கே இடைஞ்சல். தொல்லியலாளர் கைகூப்பிக் கும்பிடுவதை இந்தப் பொறியாளர் பொறுக்கித் தூர எறிகிறார்.

மரம் முழுக்க மட்கினாலும் ஆய்வு நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அயர்லாந்திலும் நார்வேயிலும் ஆதி தேவாலயங்களைத் தேடுகிறவர்கள் சுவரைத் தேடுவதில்லை, மண்ணின் நிறத்தைத் தேடுகிறார்கள். கம்பம் நட்ட குழியில் மரம் மட்கிப் போன இடத்தைக் கறுத்த, பொலபொலத்த மண் நிரப்பும். வட்டமான அந்தக் கறை வரிசையாக அமைந்தால் கட்டடத்தின் நீள அகலம் கிடைத்துவிடும். நார்வேயில் 12ஆம் நூற்றாண்டு ஊர்னெஸ் மரத் தேவாலயத்துக்கு அடியில் தோண்டியபோது, அதற்கு முன்பிருந்த கோயிலின் கம்பக்குழிகள் இப்படித்தான் தெரிந்தன. மண்ணில் நட்ட கால் அழுகுகிறது என்று கண்ட தச்சர்கள் பிறகு கல்மேல் சட்டம் போட்டுக் கால் நாட்டினார்கள். அதனால்தான் பின்னது இன்றும் நிற்கிறது. நம் கொல்லத்து மண்ணிலும் எங்காவது அந்தக் கறை இருக்கலாம். தேடித் தோண்டப் பணமும் பொறுமையும் வேண்டும். இரண்டும் பல்கலைக்கழகங்களில் இப்போது தட்டுப்பாடு.

இரண்டு துறையையும் ஒரே ஆளாகச் சேர்த்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. மாயா நாகரிகத் தொல்லியல் படித்து அரிசோனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் ராத்ஜே, 1973ல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு டூசான் நகரத்துக் குப்பைத்தொட்டிகளை ஆராய்ந்தார். 1980களின் பின்பகுதியில் குப்பை மேடுகளையே முறையாகத் துளைத்து அடுக்கடுக்காக எடுத்தார். எல்லாம் மட்கி மண்ணாகியிருக்கும் என்றுதான் அமெரிக்கர்கள் நினைத்திருந்தார்கள். பத்து, இருபது ஆண்டு பழைய செய்தித்தாள் தலைப்போடு படிக்கும்படி வந்தது; அதன் தேதியை வைத்தே அந்த அடுக்கின் வயதைக் குறித்தார்கள். இறைச்சித் துண்டுகூட அடையாளம் தெரிந்தது. இறுக்கி மூடிய மேட்டுக்குள் காற்றும் இல்லை, போதிய ஈரமும் இல்லை. மலிவான செய்தித்தாளில் லிக்னின் வேறு அப்படியே இருக்கும். நம் இதழும் அதே ரகக் காகிதம்தான். என்றாவது யாராவது நம் ஊர் ஜவஹர்நகர் குப்பை மேட்டைத் துளைத்தால் இந்தப் பக்கம் வாசிக்கக் கிடைக்கும். மூன்றாம் பக்கத்து எழுத்துப்பிழையும் கிடைக்கும்.

ஜவஹர்நகர் நமக்குத் தூரமில்லை. நம் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து தம்மாய்குடா, நாகாரம் வழியாகப் போனால் வரும் அந்த மேட்டுக்குத்தான் ஹைதராபாத் நகரமே குப்பையை அனுப்பியது, அனுப்பிக்கொண்டிருக்கிறது. பழைய மேட்டைப் பிளாஸ்டிக் தாளும் மண்ணும் போட்டு மூடியிருக்கிறார்கள். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை 2020ல் வந்தது. மூடிய மேட்டுக்குள் ஈரமிருக்கும் இடங்களில் போயின்பள்ளிக் கலனில் நடப்பதே கேட்பாரற்று நடக்கிறது. மீத்தேன் கசிகிறது, கறுப்புச் சாறு இறங்கி மல்காரம் ஏரியைக் கெடுத்தது. வீட்டுக் காய்கறிக் கழிவு பிளாஸ்டிக்கோடும் டயப்பரோடும் கலந்து போனால் அதை எந்தக் கலனும் ஏற்காது. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று 2015ல் வீட்டுக்கு இரண்டு கொடுத்தார்கள். நம் தெருக்களில் அவற்றில் துளசி வளர்கிறது, சிலவற்றில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோம்.

அணுசக்தித் துறையின் மின்னணுப் பிரிவை வளர்த்து, 1967ல் ஈசிஐஎல் நிறுவனத்தைத் தொடங்கிய ஏ.எஸ்.ராவின் பெயரில் இருக்கும் குடியிருப்பு நம்முடையது. இங்கே ஓய்வுபெற்ற பொறியாளர் இல்லாத தெரு இருக்காது. அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுக்ககத்தில் ஒரு வாரம் ஈரக்கழிவை மட்டும் தனியாக எடுத்து எடை போட்டு அனுப்புங்கள்: எத்தனை வீடு, எத்தனை கிலோ, அதில் தேங்காய் மட்டை எவ்வளவு, குப்பை எடுக்க வரும் ஸ்வச் ஆட்டோக்காரர் அதைத் தனியாக வாங்கிக்கொண்டாரா, மாதம் அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள். நூறு வீட்டுக் கணக்கு சேர்ந்தால், நம் பகுதிக்கு எவ்வளவு பெரிய கலன் வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு அடுத்த இதழில் எழுதச் சொல்கிறேன். மாதம் 20ஆம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது. தராசு இல்லாதவர்கள் பெயரைக் கொடுத்து வையுங்கள். அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது, பழைய இதழ்களை எடைக்குப் போட வாங்கியது.

அன்புடன்,
ஆசிரியர்