முதல் நூலைத் தேர்ந்தெடுத்தல்

நுழையுமுன்

கணினிக்குக் கட்டளையிட உதவும் மொழிகள் பல. அவற்றுள் ஒன்றைப் புதிதாகக் கற்க விரும்பும் மாணவர் எந்த நூலைக் கையில் எடுப்பது? அத்தேர்வு ஏன் முதன்மையானது என்பதை எடுத்துரைக்கிறது இக்கருத்துக் கட்டுரை.

பிழை யாருடையது?

நாகபுரியிலோ வதோதராவிலோ பதினோராம் வகுப்பு பயிலும் தமிழ் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தந்தையின் பணிமாற்றத்தால் பள்ளியில் சில வாரங்கள் பிந்திச் சேர்ந்தவள் அவள். வகுப்பில் பைத்தான் மொழிப் பாடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற ஆவலில், பழைய புத்தகக் கடையில் தடித்த நூலொன்றை வாங்கி வருகிறாள். அதன் முதல் இயலில் உள்ள ஒரு வரி நிரலை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்கிறாள். கணினி, 'பிழை' என்கிறது. மீண்டும் தட்டச்சு செய்கிறாள், மீண்டும் பிழை. மூன்றாம் முறைக்குப் பின், "இந்தப் பாடம் எனக்கு வராது" என்று நூலை மூடி வைக்கிறாள்.

உண்மையில் அவள் தவறேதும் செய்யவில்லை. அந்நூல் எழுதப்பட்ட நாளில் அவ்வரியும் சரியானதே. இடையில் மொழி மாறிவிட்டது.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ராசம் என்பவர் உருவாக்கிய பைத்தான் மொழி 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 2008ஆம் ஆண்டு இறுதியில் வெளியானபோது சில அடிப்படை விதிகள் மாற்றப்பட்டன. முந்தைய பதிப்பில் 'பிரிண்ட்' என்னும் கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறி கட்டாயம். இரண்டாம் பதிப்பைப் பேணும் பணி 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. ஆயினும் அப்பதிப்புக்காக எழுதப்பட்ட நூல்கள் நூலகங்களிலும் கடைகளிலும் இன்றும் இருக்கின்றன.

சில மாற்றங்கள் பிழை என்றுகூடச் சொல்லாமல் ஏமாற்றும். ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால், இரண்டாம் பதிப்பு 3 என்று விடை தரும். மூன்றாம் பதிப்பு 3.5 என்று தரும். நூலில் ஒரு விடை, திரையில் வேறொரு விடை. இந்நிலையில் தொடக்க மாணவர் நூலை ஐயுறுவதில்லை, தம்மையே ஐயுறுகிறார். தகாத நூலால் நேரும் பெருங்கேடு இதுவே. காலம் வீணானால் ஈடு செய்துகொள்ளலாம். இழந்த தன்னம்பிக்கையை மீட்பது அரிது.

மூன்று கேள்விகள்

இன்று கற்பதற்குரிய வளங்களுக்குப் பஞ்சமில்லை. மிகுதியே இடர். நூல்கள், காணொளிகள், கட்டண வகுப்புகள் எனக் குவிந்து கிடப்பவற்றுள் எதை எடுப்பது என்று தெரியாமல் பலர் தொடங்கும் முன்னரே களைத்துவிடுகின்றனர். ஆகவே, எந்த வளத்தையும் ஏற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நன்று.

முதலாவது, இது எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது? நூலின் பெயர் ஒன்றாயினும் பதிப்புகள் வேறுபடலாம். ஆலன் டவுனி எழுதிய 'திங்க் பைத்தான்' என்னும் நூலை இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். அதன் முதற்பதிப்பு பைத்தானின் இரண்டாம் பதிப்பைச் சார்ந்தது. அடுத்த பதிப்போ மூன்றாம் பதிப்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. அட்டையைப் பார்த்தால் மட்டும் போதாது. உள்ளே பதிப்பு விவரத்தையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இது யாருக்காக எழுதப்பட்டது? பைத்தான் அமைப்பே வழங்கும் அறிமுகப் பாடம் மிகச் சிறந்தது. ஆனால், வேறொரு நிரலாக்க மொழியை முன்பே அறிந்தவர்களுக்காகவே அது எழுதப்பட்டுள்ளது. இதனை அப்பாடமே தன் முன்னுரையில் கூறுகிறது. முன்னுரையைப் புரட்டித் தள்ளியவர், பத்துப் பக்கங்களுக்குப் பின் திகைத்து நிற்பார். நல்ல வளம் என்பது எல்லார்க்கும் நல்ல வளம் அன்று.

மூன்றாவது, இதில் செய்து பார்க்க என்ன இருக்கிறது? நீச்சலைக் கரையில் அமர்ந்து கற்க முடியாது. பிறர் நிரல் எழுதுவதைக் காணொளியில் பார்க்கும்போது எல்லாம் விளங்கியது போலவே தோன்றும். வெற்றுத் திரையின் முன் அமர்ந்தால் முதல் வரியே எழாது. ஒவ்வோர் இயலின் இறுதியிலும் பயிற்சி தருவதும், பிழை நேரும்போது அதனை எவ்வாறு படிப்பது என்று கற்பிப்பதுமே தொடக்க நூலின் இலக்கணம். பைத்தான் காட்டும் பிழைச் செய்தியில் இறுதி வரியே பிழையின் வகையைச் சொல்லும். அதற்கு மேலுள்ள வரிகள் பிழை நேர்ந்த இடத்தைக் காட்டும். இவ்வொன்றை அறிந்த மாணவர் பாதி அச்சத்தைக் கடந்துவிட்டார் எனலாம்.

நிரலைப் படியெடுத்து ஒட்டாமல் கையாலேயே தட்டச்சு செய்வதும் பயன் தரும். பிற ஆவணங்களிலிருந்து ஒட்டும்போது நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கலாம். வரித்தொடக்கத்து இடைவெளிகள் சிதைந்திருக்கலாம். பைத்தான் இவ்விரண்டையும் பொறுத்துக்கொள்ளாது.

விலையும் மதிப்பும்

ஆசிரியரின்றிக் கற்க இயலாது. ஆகையால் கட்டணம் செலுத்தியேனும் தனி வகுப்பில் சேர வேண்டும் என்பார் உளர். ஆசிரியரின் தேவையை எவரும் மறுக்க இயலாது. ஐயம் எழும்போது அருகிலிருந்து தீர்ப்பவருக்கு ஈடாக எந்த நூலும் ஆகாது. எனினும், விலை உயர்ந்தது உயர்ந்ததாகவே இருக்கும் என்னும் எண்ணம் பிழையானது. பைத்தான் மென்பொருள் விலையற்றது. தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. அது மூன்றாம் பதிப்பையே கற்பிக்கிறது. பள்ளி ஆசிரியரும் உடன் பயில்வோரும் அருகில் இருக்கையில், பெற்றோரின் மாத வருவாயில் ஒரு பங்கைத் தனி வகுப்புக்குக் கொடுக்குமுன் இவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பதே அறிவுடைமை.

தாய்மொழியின் துணை

தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. தமிழ்நாட்டு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் மொழியைத் தமிழிலும் கற்பிக்கிறது. மாறி, செயற்கூறு, மடக்கு ஆகிய சொற்களை அதில் காணலாம். மதிப்பு மாறுவதால் 'மாறி'. செய்ததையே மடங்கி மடங்கிச் செய்வதால் 'மடக்கு'. பெயரே பொருளை விளக்கிவிடுகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்திலும் பல பாடங்களுக்குத் தமிழ் ஒலிப்பதிவு உண்டு.

தேர்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகையில் தமிழில் படிப்பது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். தேர்வுக்குரிய நூல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விளங்காத கருத்து வீட்டு மொழியில் விளங்கிய பின், ஆங்கிலச் சொல்லை நினைவில் கொள்வது எளிது.

ஆனால், இத்தனை வளங்களையும் ஒருசேரத் திறந்து வைத்துக்கொள்ளல் ஆகாது. ஒன்றை முதன்மை நூலாகக் கொண்டு முற்றும் படிக்க வேண்டும். ஐயம் எழும் இடத்தில் மட்டும் மற்றொன்றை நாட வேண்டும். ஐந்து நூல்களின் முதல் இயலைப் படித்தவரைக் காட்டிலும் ஒரு நூலின் ஐந்து இயல்களைப் படித்தவரே முன்னேறுவார்.

பின்வருவோர்க்கு

எந்த நூல் உதவியது, எங்கே தடுமாற்றம் ஏற்பட்டது என்பதைத் தொடக்க மாணவரே நன்கறிவார். வல்லுநர்கள் தம் தொடக்ககாலத் தடுமாற்றத்தை மறந்துவிடுகின்றனர். எனவே, ஒவ்வொரு மாணவரும் தாம் கண்டவற்றை ஒரு பக்க அளவில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைத்தல் வேண்டும். நூலகமும் காலம் கடந்த நூல்களின் மேல் 'பழைய பதிப்பு' என்று ஒட்டி வைக்கலாம். இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. அடுத்த ஆண்டு பாதியில் வந்து சேரும் மாணவி, "எனக்கு இது வராது" என்று சொல்லாமல் இருக்க அந்த ஒரு தாள் உதவும்.

சிந்தித்து எழுதுக

1. மாணவி நூலை மூடி வைத்ததற்கு உண்மையான காரணம் யாது?
2. நூலைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை உம் சொற்களில் எழுதுக.
3. "விலை உயர்ந்தது உயர்ந்ததாகவே இருக்கும்" என்னும் கருத்தை ஏற்பீரா? காரணம் கூறுக.
4. நீவிர் கற்ற ஒரு கலைக்கோ பாடத்திற்கோ உதவிய நூலைப் பற்றிப் பின்வரும் மாணவர்க்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுக.