ஒரு ஸ்ட்ரோக் கூடினால் வாரமே காலி! - கோல்ஃப் வீரர்களின் சீஸன் கணக்கு

கோல்ஃப் என்றதும் நினைவுக்கு வருவது டைகர் உட்ஸ். இல்லையென்றால், பழைய சினிமாவில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஹீரோவை மிரட்டும் பணக்கார மாமனார். இந்த இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டம், வருடம் முழுக்க தோளில் மட்டைப் பையோடு இந்தியாவைச் சுற்றிவருகிறது. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஐ.பி.எல் மாதிரி ஏலமும் கிடையாது. ஆடி ஜெயித்தால் காசு. அவ்வளவுதான்!

அந்தத் தொடரின் பெயர், புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா. சுருக்கமாக பி.ஜி.டி.ஐ. 2006-ல் தொடங்கப்பட்டது. 2024-லிருந்து இதன் தலைவர் யார் தெரியுமா? நம்ம கபில்தேவ்!

நினைத்தவர்கள் எல்லாம் இதில் ஆடிவிட முடியாது. வருடத் தொடக்கத்தில் 'குவாலிஃபையிங் ஸ்கூல்' என்று ஒரு தேர்வு நடக்கும். பெயர்தான் ஸ்கூல், பாடம் எதுவும் கிடையாது. நாள் கணக்கில் ஆடி, முன்வரிசையில் வருபவர்களுக்கு மட்டும் அந்த வருடத்துக்கான 'கார்டு'. அதன் பிறகு டெல்லி, சண்டிகர், அகமதாபாத், கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் என்று ஊர் மாற்றி ஊர். சென்னைக்கு வந்தால் நந்தனம் காஸ்மோ மைதானம். அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, பக்கத்திலேயே ஒரு கோல்ஃப் மைதானம் இருப்பது தெரியும்?

இன்னொரு வேடிக்கை. கிரிக்கெட்டோ கால்பந்தோ, பெரிய மேட்ச் என்றால் ஞாயிற்றுக்கிழமை. இந்த டூரில் பல போட்டிகள் செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். மைதானங்கள் கிளப்களுக்குச் சொந்தமானவை. சனி, ஞாயிறு உறுப்பினர்கள் ஆட வருவார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு போட்டி என்பது நான்கு நாள். நாளுக்கு 18 குழிகள், மொத்தம் 72. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் களமிறங்குவார்கள். முதல் இரண்டு நாள் முடிந்ததும் 'கட்' விழும். முதல் 50 இடங்களில் இருப்பவர்களும், 50-வது இடத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்பவர்களும் மட்டுமே அடுத்த இரண்டு நாள் ஆடலாம். மற்றவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பரிசுப் பணம் கட்டைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான்.

மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய் என்றால், முதலிடத்துக்குச் சுமார் 15 லட்சம் போகும். கீழே இறங்க இறங்கத் தொகை வேகமாகக் கரையும். 50-வது இடத்துக்கு ஒரு லட்சம்கூடத் தேறாது. ஆனாலும், அதுவாவது கிடைக்கிறது. அவரைவிட ஒரே ஒரு ஸ்ட்ரோக் அதிகம் எடுத்தவருக்கு ஒன்றுமே இல்லை! ரயில் டிக்கெட், ஹோட்டல் வாடகை, சாப்பாடு, கேடி சம்பளம் எல்லாம் கைக்காசு. இரண்டு நாளில் 140 முறைக்கு மேல் பந்தை அடிக்கிறார்கள். அதில் ஒரு பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவந்து வெளியே நின்றுவிட்டால், அந்த வாரமே நஷ்டம்.

(கேடி என்றால் நம் ஊரில் அர்த்தமே வேறு. இங்கே, வீரரின் பையைச் சுமந்து, காற்றும் தூரமும் பார்த்து யோசனை சொல்லும் உதவியாளர்.)

இந்தக் கேடிகளிடம்தான் இந்திய கோல்ஃபின் நிஜமான கதை இருக்கிறது. பல கிளப்களில் மைதானத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை மட்டும் கேடிகள் ஆடிப் பார்க்கலாம். அப்படி இரவல் மட்டையில் கற்றுக்கொண்டு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். அந்தப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர்தான். 1993-ல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சி.முனியப்பா, 2009-ல் அதே கோப்பையைத் தூக்கினார்.

எஸ்.எஸ்.பி.சௌராசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரிக்கும் ஊழியர். 1829-ல் தொடங்கிய கிளப் அது. அங்கே விளையாடிப் பழகிய சௌராசியா, 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். அது ஐரோப்பிய டூர் போட்டி. பிறகு 2016, 2017 என்று இந்தியன் ஓப்பனை அடுத்தடுத்து இரண்டு முறை கைப்பற்றினார். அப்பா வெட்டிச் சீராக்கிய புல்லில் பையன் கற்ற ஆட்டம்!

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். டாக்காவின் குர்மிடோலா கிளப்பில் பந்து பொறுக்கிய சித்திகுர் ரஹ்மான், இந்திய டூரில் ஆடிப் பட்டை தீட்டிக்கொண்டவர். 2010-ல் புருனே ஓப்பனை வென்று, ஆசிய டூரில் பட்டம் பெற்ற முதல் வங்கதேச வீரரானார். 2016 ஒலிம்பிக்ஸுக்கு நேரடியாகத் தகுதிபெற்ற முதல் வங்கதேச வீரரும் அவரே. இலங்கையிலிருந்து என்.தங்கராஜா, கே.பிரபாகரன், மிதுன் பெரேரா போன்றவர்கள் இந்த டூரை நம்பித்தான் விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் 'கட்'டைத் தவறவிட்டால் செலவு இன்னும் கூடுதல்.

வயது ஒரு தடையா என்று கேட்டால், முகேஷ் குமாரைக் காட்டலாம். அம்பேத்கர் பிறந்த மோவ் ஊர்க்காரர். இந்தியப் போட்டிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டங்களை வென்றவர். ஆனால், ஆசிய டூர் பட்டம் மட்டும் கைக்கு எட்டவே இல்லை. 2016-ல் டெல்லியில் பானாசோனிக் ஓப்பனை வென்றபோதுதான் அதுவும் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 51! அதே மோவ் ஊரிலிருந்து வந்த ஓம் பிரகாஷ் சௌஹான், 2023 சீஸனில் பி.ஜி.டி.ஐ பட்டியலில் முதலிடம் பிடித்தார்.

அந்த முதலிடம் இப்போது வெறும் கோப்பை அல்ல. 2022 சீஸனிலிருந்து, பட்டியலில் முதலில் வருபவருக்கு ஐரோப்பாவின் டி.பி. வேர்ல்டு டூரில் ஆடும் கார்டு கிடைக்கிறது. அந்த வருடம் மனு கந்தாஸ், அடுத்து சௌஹான், 2024-ல் வீர் அஹ்லாவத். ஒரே சீஸனில் 1 கோடிக்கு மேல் சம்பாதித்தார் அஹ்லாவத். தலைப்புச் செய்திகளுக்கு இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பட்டியலில் 70-வது, 80-வது இடத்தில் இருப்பவர் அந்த வருடத்தை எப்படி ஓட்டினார் என்று யாரும் எழுதுவதில்லை.

அமெரிக்காவின் பி.ஜி.ஏ டூர் 2023-ல் ஓர் ஏற்பாடு செய்தது. முழு கார்டு வைத்திருக்கும் வீரர், சீஸன் முழுக்கச் சொதப்பினாலும் 5 லட்சம் டாலர் வருமானம் உறுதி. அந்த அளவுக்கு இங்கே பணம் இல்லை, கேட்பதும் நியாயமில்லை. ஆனால், கட்டில் வெளியேறுபவருக்கு ஊர் திரும்பும் டிக்கெட் செலவையாவது கொடுக்கலாமே? ஒரு கோடியில் ஓர் ஓரமாக ஒதுக்கினால் போதும்.

டிசம்பரில் கூட்டம் ஜாம்ஷெட்பூர் போய்ச் சேரும். டாடா ஸ்டீலின் ஊர். அங்கே நடக்கும் டூர் சாம்பியன்ஷிப் கொஞ்சம் விநோதமானது. பெல்டி மைதானத்தில் 9 குழி, கோல்முரி மைதானத்தில் 9 குழி. ஒரே நாள் ஆட்டத்துக்கு நடுவில் இடம் மாற வேண்டும்! டி.வி-யில் தெரிவது கோப்பைக்கான போட்டி. மைதானத்தில் இருப்பவர்கள் மொபைலில் திரும்பத் திரும்பப் பார்ப்பது, பட்டியலின் 60-வது இடத்தை. அதுவரை வந்தவர்களுக்கு அடுத்த வருடத்துக்கான முழு கார்டு பத்திரம்.

61-வது ஆள், புது வருடம் பிறந்ததும் குவாலிஃபையிங் ஸ்கூலுக்குப் பணம் கட்ட வேண்டும்.