பண்டம் வீடு வந்து சேரும் வழி: நம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு படிப்பு



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானால் நம் வீடுகளில் சில வாரங்களுக்கு வேறு பேச்சே இருக்காது. "மகளுக்கு கெம்பஸ் கிடைக்குமா? என்ன படிக்கப் போறா?" என்று சொந்தபந்தமெல்லாம் விசாரிக்கும். டொக்டர், டீச்சர், கணக்காளர் என்றால் எவரும் மறுகேள்வி கேட்பதில்லை. "சப்ளை செயின் படிக்கப் போறேன்" என்று மகள் சொன்னால் மட்டும் உம்மா வாப்பாவின் முகத்தைப் பார்ப்பார். வாப்பா உம்மாவின் முகத்தைப் பார்ப்பார். லொறியில் சாமான் ஏற்றுகிற வேலையா அது? துறைமுகத்தில் ஆண்களுக்கு மத்தியில் நிற்க வேண்டுமா? படித்து முடித்தால் யார் வேலை கொடுப்பார்கள்? எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். இந்த மாதம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

அது என்ன படிப்பு?

தமிழில் இதனை விநியோகச் சங்கிலி முகாமைத்துவம் என்கிறார்கள். பெயர் கரடுமுரடாக இருந்தாலும் விஷயம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. காலையில் தேநீரில் கலக்கும் பால்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் நியூசிலாந்தில் கறந்த பால். அங்கே மாவாக்கி, பெரிய பைகளில் அடைத்து, கொள்கலனில் ஏற்றி அனுப்புகிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, சுங்கத்தையும் உணவுப் பரிசோதனையையும் கடந்து, இங்குள்ள தொழிற்சாலையில் 400 கிராம் பக்கற்றாகி, ஏஜன்டிடம் போய், ஊர்க்கடைக்கு வந்து, அதன்பிறகு உங்கள் கைக்கு வருகிறது. பண்டம் இந்தப் பக்கம் வர, பணம் அந்தப் பக்கம் போகிறது. எவ்வளவு தேவை, எப்போது தேவை என்ற செய்தி இரு பக்கமும் ஓடுகிறது. இந்த மூன்றும் தடைப்படாமல், வீண்செலவு இல்லாமல் நடக்கப் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் படிப்பு.

வேலை பழையது, பெயர்தான் புதியது. 1982இல் கீத் ஒலிவர் என்ற முகாமைத்துவ ஆலோசகர் இந்தப் பெயரைப் பகிரங்கமாகப் பயன்படுத்தினார் என்று பாடநூல்கள் கூறும். அதற்கு முன்பே பெரிய மாற்றமொன்று நடந்திருந்தது. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் மல்கம் மெக்லீன் என்பவர், 58 இரும்புப் பெட்டிகளைப் பழைய எண்ணெய்க் கப்பலொன்றில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்த காலம் அத்துடன் மாறத் தொடங்கியது. இன்று கொழும்புத் துறைமுகம் உயர்ந்து நிற்பது அந்தப் பெட்டிகளால்தான். 2024இல் 20 அடிப் பெட்டிக் கணக்கில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவை அங்கே கையாளப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி நமக்கு வந்தவையல்ல. ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறி வேறு நாடுகளுக்குப் போனவை.

வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள்?

மாதத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்குவதா, வாரத்துக்கு 5 கிலோ வாங்குவதா? மூட்டையாக வாங்கினால் முச்சக்கரவண்டிக் கூலி ஒருமுறையோடு போகும். ஆனால் காசு முடங்கும், வண்டும் வரும். சிறிது சிறிதாக வாங்கினால் அரிசி புதிதாக இருக்கும். கூலி நான்கு மடங்காகும். இரண்டுக்கும் இடையில் எந்த அளவு இலாபம்? இதற்கான சூத்திரத்தை 1913இலேயே போர்ட் ஹரிஸ் என்ற அமெரிக்கர் எழுதிவிட்டார். முதல் வருட மாணவி அதைப் படிக்கிறாள். உம்மாமார் அந்தக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பாடம் இன்னும் சுவாரஸ்யமானது. குழந்தைகளுக்குக் கட்டும் பேம்பர்ஸைத் தயாரிக்கும் புரொக்டர் அன்ட் கேம்பிள் நிறுவனம் ஒரு புதினத்தைக் கவனித்தது. குழந்தைகள் மாதத்துக்கு மாதம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அவற்றைப் பாவிக்கின்றன. கடைகளின் விற்பனையும் பெரிதாக ஏறி இறங்கவில்லை. ஆனால் மொத்த விற்பனையாளர்களிடமிருந்து கொம்பனிக்கு வரும் ஓடர் மட்டும் பெரிதாக ஏறி இறங்கியது. காரணத்தை 1997இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவ் லீயும் அவருடைய சகாக்களும் விளக்கி எழுதினார்கள். கடைக்காரர் தட்டுப்பாடு வருமோ என்று பயந்து 10 கேட்க வேண்டிய இடத்தில் 15 கேட்கிறார். அதைக் கண்ட ஏஜன்ட் 25 கேட்கிறார். இறக்குமதியாளர் 40க்கு ஓடர் போடுகிறார். சரக்கு வந்திறங்கும்போது பயம் தீர்ந்திருக்கும். களஞ்சியம் நிறைந்து கிடக்கும். சாட்டையைக் கையில் சிறிது அசைத்தால் நுனி பெரிதாக வீசுகிறதல்லவா? அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். மருந்து அதிகக் களஞ்சியமல்ல. கடையில் உண்மையில் எவ்வளவு விற்கிறது என்ற சரியான செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதுதான்.

நாம் பட்ட பாடு

2021, 2022ஆம் ஆண்டுகளை எவரும் மறந்திருக்க மாட்டோம். பால்மாவுக்கு வரிசை, கேஸ் சிலிண்டருக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. மூல காரணம் நாட்டில் டொலர் இல்லாமற் போனது. அதை எந்தப் பட்டதாரியாலும் தீர்த்திருக்க முடியாது. ஆனால் அந்தப் பஞ்சத்துக்கு மேல் பதுக்கலும், பயத்தில் அள்ளி வாங்கியதும், எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத நிலையும் சேர்ந்துகொண்டன. 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்து, ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டபோது வரிசைகள் குறைந்தன. இருக்கிற கொஞ்சத்தையும் ஒழுங்காகப் பங்கிட்டால் மனிதர் நிம்மதியடைவர் என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

2004 சுனாமியின் போதும் பார்த்தோம். நல்ல மனத்தோடு அனுப்பிய பழைய உடுப்புகள் குவிந்து கிடந்தன. உடனே தேவைப்பட்டவையோ எல்லா இடத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேரவில்லை. ஸதகாவுக்கும் திட்டம் வேண்டும்.

மார்க்கம் காட்டும் வழி

இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. குளிர்காலத்திலும் கோடையிலும் குறைஷியர் செய்த வணிகப் பயணங்களுக்கென ஒரு ஸூராவே இருக்கிறது. விளைச்சலில்லாத மக்காப் பள்ளத்தாக்கு அந்த வாகனக் கூட்டங்களால்தான் பசியாறியது. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் தமது சரக்குகளை ஷாமுக்கு அனுப்பி வணிகம் செய்தவர்கள். வீட்டிலிருந்தபடி, நம்பிக்கையான ஆளைத் தேர்ந்தெடுத்து, சரக்கையும் இலாபத்தையும் கணக்குப் பார்த்தவர்கள்.

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஏழு வருடம் விளைச்சல், ஏழு வருடம் பஞ்சம். விளைந்ததில் உண்பதற்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைக் கதிரோடு விட்டுவைக்கும்படி சொன்னார்கள். இன்றைய பல்கலைக்கழகத்தில் முன்னறிவு, களஞ்சியப்படுத்தல், பங்கீடு என்று மூன்று பாடமாக வரும் விஷயம் அது. நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டபோது அவர்கள் இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள். ஒன்று, பாதுகாப்பவர் என்பது. மற்றது, அறிந்தவர் என்பது.

நபி (ஸல்) அவர்கள் பண்டத்தைப் பதுக்குவதைத் தடுத்தார்கள். சந்தைக்கு வரும் வாகனக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு, விலை தெரியாதவரிடம் மலிவாக வாங்குவதையும் தடுத்தார்கள். ஆக, சங்கிலியின் நடுவில் நிற்பவர் இரு பக்கத்தாருடைய அறியாமையையும் தன் இலாபமாக்கிக்கொள்ளக் கூடாது. இந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் அதிகம் சொல்லாது. அதை நம் வீடுதான் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஹலால் விஷயத்திலும் இதே நிலைதான். அறுக்கும் இடத்தோடு ஹலால் முடிந்துவிடுவதில்லை. குளிரூட்டிய லொறியில் எதனோடு சேர்த்து ஏற்றினார்கள், களஞ்சியத்தில் எதன் பக்கத்தில் வைத்தார்கள் என்பதும் உண்டு. மலேசியா 2010இலேயே போக்குவரத்து, களஞ்சியம், சில்லறை விற்பனை என்று மூன்றுக்கும் எம்.எஸ். 2400 என்ற தரநியமத்தை வகுத்தது. இத்துறை அறிந்த முஸ்லிம் பெண்கள் நமக்கு மிகவும் தேவை.

பெண்பிள்ளைக்குப் பொருந்துமா?

பட்டம் பெற்றவர் மூட்டை சுமப்பதில்லை. பெரும்பாலான வேலை கணினியின் முன்னால்தான். ஆடைத் தொழிற்சாலையில் துணி எப்போது வரும், தைத்து எப்போது கப்பலேற்றலாம் என்று திட்டமிடுவது ஒரு வேலை. துணி ஒரு வாரம் பிந்தினால், கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்ப நேரும். அந்தக் கூலியே இலாபத்தை விழுங்கிவிடும். கொள்வனவுப் பிரிவு, கப்பல் முகவர் நிலையம், சுங்க ஆவணங்கள், மருந்துக் களஞ்சியம், சுப்பர் மார்க்கெட்டுகளின் விநியோகத் திட்டம் என்று வேறு துறைகளும் உண்டு. இத்துறைப் பெண்களுக்கென விலாட் என்ற சர்வதேச அமைப்பு 2013 முதல் இயங்குகிறது. இலங்கையிலும் அதன் கிளை இருக்கிறது.

சிரமத்தையும் சொல்ல வேண்டும். வேலைகளில் அதிகமானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவை. படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். கணக்குக்குப் பயந்தவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது. கப்பல் தாமதமானால் வேலை நேரமும் நீளும். மகளின் தங்குமிடம், போக்குவரத்து, தொழுகைக்கான வசதி ஆகியவற்றை வேலையை ஏற்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கமில்லை.

எங்கே படிப்பது?

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதலில் சொல்ல வேண்டியது மொரட்டுவை. அங்கே பொறியியல் பீடத்தில் போக்குவரத்து முகாமைத்துவம், லொஜிஸ்டிக்ஸ் ஆகியவற்றுக்கென ஒரு துறையே உண்டு. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் லொஜிஸ்டிக்ஸ் முகாமைத்துவத்தில் பட்டம் வழங்குகிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முகாமைத்துவப் பட்டம் படித்துவிட்டு, பின்னர் இத்துறைக்கு வருவதும் நல்ல வழிதான். எந்தப் பாடப்பிரிவினர் எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கும். சென்ற வருடத்துக் கைநூலை நம்பாமல் மகளின் வருடத்துக்குரியதையே வாங்கிப் பாருங்கள்.

திருமணமாகிப் படிப்பை நிறுத்திய சகோதரிகளுக்கும் வழி இருக்கிறது. சி.ஐ.எல்.டி., சிப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்டய நிறுவனங்களின் பரீட்சைகளைப் படிப்படியாக எழுதலாம்.

தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். "சப்ளை செயின்" என்ற பெயர் இன்று விலைபோகிற பெயர். தாலிக்கொடியையும் வளையலையும் அடகு வைப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? அதனை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? எத்தனை மாதம் நிறுவனமொன்றில் பயிற்சி உண்டு, அந்த இடத்தைத் தேடித் தருவது யார்? சென்ற முறை முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்காக 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டமொன்று தொடங்கப்பட்டது. மாணவர் முதலை மட்டும் திருப்பிச் செலுத்துவார். வட்டியை அரசாங்கம் பொறுப்பேற்கும். விண்ணப்பம் கோரும் அறிவித்தலைப் பத்திரிகையில் கவனியுங்கள். மார்க்க ரீதியில் மனம் உறுத்தினால் உங்கள் ஊர் ஆலிமிடம் விபரத்தை முழுமையாகச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, யூஸுப் (அலை) அவர்கள் சொன்ன இரண்டு தகுதிகளில் அறிவைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். பிறர் பொருளைத் தன் பொருள்போலப் பாதுகாக்கும் அமானிதத்தை உம்மாவின் மடியில்தான் பிள்ளை கற்க வேண்டும். கடையில் அரைக் கிலோ சீனி வாங்கி வரும்போது மீதிக் காசைக் குறையாமல் கொண்டுவந்து தரப் பழக்கியிருக்கிறீர்களா? அப்படியானால் மகளின் படிப்பில் பாதியை ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள். மீதியைப் படிக்க அவளை அனுப்பி வையுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான உழைப்பையும் தருவானாக. ஆமீன்.