குளிக்கிற ரூமை யார் கவனிப்பது?



தீபாவளி வந்தால் வீட்டின் முன்பக்கம் பளபளக்கிறது. சாயம் அடிக்கிறோம், திரைச்சீலை மாற்றுகிறோம், டிவி வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் அப்பா காலத்துச் சிமெண்டுத் தொட்டி, பாசி பிடித்த தரை, கந்தல் துணி சுற்றிய பைப்பு. கேட்டால், "குளிக்கிற ரூமை யாருங்க வந்து பாக்கப் போறாங்க?" என்கிறார்கள். வேறு யாரும் வராவிட்டாலும் நோய் வந்து பார்க்கிறது.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்து அடிக்கிறவர்கள் இருக்கும் வீட்டில் தொட்டியில் மொண்டு குளிக்கும் பழக்கம் போக வேண்டும். ஷவர் வர வேண்டும். இதைச் சொகுசு என்று நினைக்காதீர்கள். கையுறை, பூட்ஸ் போல இதுவும் ஒரு பாதுகாப்புச் சாமான்.

காரணம் இருக்கிறது. செம்பனைக்குள் களைக்கொல்லி அடித்துவிட்டு வரும் தாய் குவளையைத் தொட்டிக்குள் விட்டு மொள்கிறார். கையில் ஒட்டிய மருந்து தொட்டியில் கலக்கிறது. பள்ளி விட்டு வரும் பிள்ளை அதே தண்ணீரில் குளிக்கிறது, வாயும் கொப்புளிக்கிறது. பாராக்குவாட் மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முழுத் தடை வந்துவிட்டது. நல்லதுதான். அதற்காக மற்ற மருந்தெல்லாம் இளநீர் ஆகிவிடுமா? தோலில் மருந்து பட்டால் அந்த இடத்திலேயே, அப்போதே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வாருங்கள். வேலை முடிந்ததும் மருந்து ஸ்டோர் பக்கத்திலேயே குளித்து, உடை மாற்றி வீடு திரும்ப வசதி இருப்பதுதான் முறை. அந்த வசதி இல்லாத இடத்தில் வீட்டு ஷவர்தான் காவல்.

இரண்டாவது, டெங்கி. 1962-ல் பினாங்கில் இரத்தக் கசிவு டெங்கி முதன்முதலாகத் தெரிய வந்த நாளிலிருந்து அது நம்மை விட்டுப் போகவில்லை. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த தண்ணீரே போதும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள்தான் ஆகும். தண்ணீரை மட்டும் கொட்டினால் பயன் இல்லை. முட்டை தொட்டிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். வாரம் ஒருமுறை சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை வீட்டில் தேய்க்கிறோம்?

மூன்றாவது, வழுக்கி விழுவது. பால்மரக் காலத்தில் விடியற்காலை இருட்டில் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி மரம் வெட்டிய பாட்டி ஒருவர், சொந்தக் குளியலறைப் பாசியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். ஒரு கைப்பிடிக் கம்பி இருந்திருந்தால் பிடித்து நின்றிருப்பார்.

"தண்ணி வராத நாளுக்கு என்ன பண்றது டிரஸர் ஐயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொட்டிக்குப் பதில் இறுக்கமான மூடி போட்ட டிரம் ஒன்று வையுங்கள், அடியில் குழாய் இருந்தால் இன்னும் நல்லது. கை உள்ளே போகாது, கொசுவும் போகாது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய வேண்டியதில்லை. முதலில் பாசியைச் சுரண்டி, தண்ணீர் தேங்காமல் தரையைச் சரி செய்யுங்கள். குளோரின் பிளீச்சையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கிளம்பும் புகை நெஞ்சை அடைக்கும். அடுத்தது கைப்பிடி. பிறகு ஷவர், சாதாரணப் பிளாஸ்டிக் ஷவர் ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்கும். ஒழுகும் குழாய்க்குப் பெரும்பாலும் ஒரு ரப்பர் வாஷர் போதும். வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் வீண். சுடுதண்ணி ஹீட்டர் மாட்டுகிறவர்கள் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். மின்கசிவு வெட்டியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஈரக் கையும் கரண்டும் ஒத்துப்போகாது.

செலவு யாருடையது? தாமானில் சொந்த வீடு வாங்கிப் போனவர்களுக்கு அவர்கள் செலவு. தோட்டத்து வீடாக இருந்தால் அப்படி அல்ல. தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் 1966-லேயே வந்தது. அதன் இடத்தில் 1990-ல் புதுச் சட்டம் வந்தது. போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவதும், வீட்டைப் பழுது பார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கெஞ்ச வேண்டியதில்லை. லயம் முழுவதும் பார்த்து, உடைந்த குழாய் எத்தனை, தண்ணீர் தேங்கும் ரூம் எத்தனை என்று எழுதி, கிளைத் தலைவர் மூலம் மேனேஜரிடம் கொடுங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

லிங்கியானாலும் பகாவ் ஆனாலும் நம் வீட்டுப் பின்பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மருந்து மாத்திரை கொடுக்க நான் இருக்கிறேன். ஆனால் பாசியில் விழுந்தவரைத் தூக்குவதைவிட, பாசியைச் சுரண்டுவது சுலபம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போங்கள். ஆண்களும்தான்.